எடுத்துக் குடுக்கிறவள்

இந்தக் கதிரையில ஆரும் இருக்கினமோ பிள்ளை? இல்லையோ? அப்ப இருக்கிறன். கால் ரெண்டும் கடுக்குது. ஒண்டரை மணித்தியாலமா அந்தக் கண்ணாடிக் கதவைப் பாத்துக்கொண்டு நிக்கிறன். லண்டன் சுத்தி வாற பிளேனாம், பிந்துதாம். போர்டில எழுத்து மாறிக்கொண்டே இருக்கு, ஆள் வாறமாதிரித் தெரியேல்லை.

நீர் தமிழ்தானே? போனில கதைச்சது காதில விழுந்தது. இந்தியாவோ? திருநெல்வேலியோ! அதுதான் கதை வடிவா இருந்தது. ஆர் வருகினம்? மாமியாரோ? ஓகோ, அதுதான் பூச்செண்டு இவ்வளவு பெரிசு. நல்லது, நல்லது. முதல் நாள் பூக் குடுத்துப் பழக்கினா, பிறகு மூண்டு மாசமும் பூவிலதான் நிக்கவேணும், அதையும் யோசிச்சுக்கொள்ளும். பகிடிக்குச் சொன்னனான். கோவிக்காதையும்.

எனக்கு அக்கா வாறா. ஞானாம்பிகை. என்னை விட ஐஞ்சு வயசு மூப்பு. பன்னிரண்டு வருசமாக் காணேல்லை. இப்பதான் அங்க சண்டை ஓஞ்சு ரோட்டுத் திறந்திருக்கு, மகள்தான் விசா எடுத்துக் கூப்பிட்டவள். தர்சிகா. அவள் காரை விட இடம் தேடிச் சுத்துறாள். வரேக்க முழுக்க எனக்குப் பாடம்: "அம்மா, பெரியம்மாவைக் கண்ட உடன பழசுகளைக் கிளறிப்போடாதேங்கோ. வாங்கோ அக்கா, பயணம் சுகமோ எண்டு கேளுங்கோ. காணும்." அவ்வளவும் எனக்குப் பாடம் பிள்ளை. ஆனா எனக்கு அக்காவிட்ட வேற ஒண்டு சொல்லக் கிடக்கு. கதவால அவ வந்த உடன சொன்னாச் சரி. வீட்டை போனா சோறு, கறி, அல்பம், அந்தக் கோயில், இந்தச் சனம் எண்டு மூண்டு கிழமையும் போயிடும். பிறகு நான் சொல்ல மாட்டன். என்னை எனக்குத் தெரியும்.

என்னத்தைச் சொல்லப் போறியள் எண்டு பாக்கிறீர். பொறும். நான் இப்ப வேற ஒரு வழக்கில நிக்கிறன், அதைக் கேட்டாத்தான் இது விளங்கும். நீரும் சும்மாதானே இருக்கிறீர்.

நான் ஒரு வயோதிபர் இல்லத்தில வேலை. ஒன்பது வருசமா ரெண்டாம் மாடி. அந்த மாடியில ஆருக்கு எந்தக் குளிசை மருந்து, ஆர் பாலில ஆடை எடுக்கவேணும், ஆர் எந்த மகனைக் கண்டா அழும், எல்லாம் எனக்குத் தெரியும். இப்ப ஒண்டரை மாசமா என்னைக் கீழ, உடுப்புத் தோய்க்கிற இடத்தில விட்டிருக்கினம். நான் களவெடுக்கேல்லை. ஒருத்தரையும் விழுத்தேல்லை. நான் செய்த குற்றம் ரெண்டு சொல் சொன்னது. ரெண்டே ரெண்டு சொல். அதுக்கு ஒரு கிழவி என்னில முறைப்பாடு எழுதினவ.

அந்த மாடியில ரெண்டு நடிகைமார் இருந்தவை. சினிமாவில ஒரு பாட்டுக்கு வாற ஆக்கள் இல்லை, மேடை. இந்த டச்சு நாட்டில அந்தக் காலத்தில மேடைதான் பெரிசு. லீனா வெஸ்டர்ஹவுட் எண்டால் பழைய ஆக்கள் எழும்பி நிப்பினம். எண்பத்திநாலு வயசு. கழுத்து அப்பிடியே நேர. நான் தண்ணி ஊத்திக் குளிக்க வாக்கேக்க கூட என்னவோ முடி சூட்டுற மாதிரி இருப்பா. ஐம்பது வருசம் மேடையில ராணியாவும் கொலைகாரியாவும் நிண்டவ, நாலு படம் நடிச்சவ. ஆனா விசிட்டுக்கு வாற சனம் என்ன சொல்லும் தெரியுமோ? "ஐயோ, கோப்பி விளம்பரத்தில வந்த அம்மா!" அவ சிரிப்பா. சனம் போன பிறகு என்னைப் பாத்துச் சொல்லுவா, "யோ, நாளைக்குத் தேத்தண்ணி கொண்டு வா." என்ர பேர் யோகமலர். இவைக்கு வாயில வராது. யோ.

எனக்கு லீனாவில சரியான விருப்பம். சொன்னா வெக்கம், என்ர தாய்க்குக் கூட நான் அப்பிடிச் செய்யேல்லை. அறுபத்தொன்பதில இளம் பெடியள் பழைய நாடகம் வேண்டாமெண்டு மேடைக்குத் தக்காளிப்பழம் எறிஞ்சவங்களாம். அவவின்ர நெஞ்சில ஒண்டு பட்டு வழிஞ்சதாம். அவ துடைக்கேல்லை. வசனத்தைச் சொல்லி முடிச்சுப்போட்டு, "பழம் நல்லாப் பழுக்கேல்லை" எண்டு சொல்லிப்போட்டு உள்ள போனாவாம். அதைச் சொல்லேக்க ஒவ்வொரு முறையும் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவா.

மற்றவ ஹென்னி. ஹென்னி பூர்மன். சின்ன மனுசி, குருவி மாதிரி. அவவும் நடிகைதான், ஆனா வேலைக்காரி, பக்கத்து வீட்டுக்காரி, கட்டிலுக்குப் பக்கத்தில நிக்கிற தாதி. பிறகு டிவியில சின்னப் பிள்ளையளுக்குப் பொம்மை ஆட்டினவ. திறமை எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கிடைக்குமோ? நான் அப்பிடித்தான் நினைச்சனான். ரெண்டு பேரும் ஒரே மாடி. ஏழு வருசம். ஒரு மேசையில இருந்து சாப்பிட்டதில்லை. ஒருத்தி லிப்ட்டுக்குள்ள நிண்டா மற்றவ ஏறமாட்டா. எங்கட பாடு, சில்லுக் கதிரை தள்ளுறதே ரோட்டில பஸ் விடுற மாதிரி, இவ வாற நேரம் அவவை ஒதுக்கி நிப்பாட்ட வேணும்.

ஏன் எண்டு ஹென்னிதான் ஒருநாள் சொன்னவ, நகம் வெட்டேக்க. ஜெர்மன்காரர் இந்த நாட்டைப் பிடிச்சிருந்த நேரம். நடிக்கிற ஆக்கள் எல்லாம் அவையின்ர சங்கமொண்டில பேர் பதியவேணும் எண்டு உத்தரவு. பதிஞ்சா மேடை. பதியாட்டி மேடை இல்லை. யூதச் சனத்துக்குப் பதியவே ஏலாது. இவை ரெண்டு பேருக்கும் அப்ப இருபத்தொண்டு, இருபத்திரண்டு. ஒரே அறையில வாடகைக்கு இருந்தவை, ஒரே கட்டில், ஒரே நல்ல சப்பாத்து. ஒரு நாடகத்தில ஹென்னிக்குத்தான் பெரிய வேசம் கிடைச்சிருந்தது. பதியிற நாளுக்கு முதல் நாள் ரெண்டு பேரும் கையில கை வச்சுச் சொன்னவையாம், "நாங்கள் பதிய மாட்டம்" எண்டு. விடிய ஹென்னி எழும்பிப் பாக்க, கட்டில்ல மற்றப் பக்கம் குளிர்ந்து கிடந்ததாம். லீனா போய்க் கையெழுத்து வச்சிட்டா. ஹென்னியின்ர வேசம் லீனாவுக்கு. உடுப்பை மட்டும் நாலு இடத்தில விரிச்சுத் தைச்சவையாம்.

அந்த மூண்டு வருசமும் ஹென்னி ஆக்களின்ர வீட்டு முன்னறையில, யன்னல் சீலையை இழுத்து மூடிப்போட்டு, பதினைஞ்சு இருபது பேருக்கு முன்னால நடிச்சவ. கூலிக்கு உருளைக்கிழங்கு. பிடிபட்டா மறியல், கம்பிக்குள்ளதான். சண்டை முடிய, பதிஞ்ச ஆக்களை விசாரிச்சு லீனாவுக்கு ஆறு மாசம் மேடைத் தடை. ஆறு மாசம் முடியத் திரும்பி வந்தா. சனம் கை தட்டிச்சு. அவ்வளவுதான்.

"ஒருக்காலும் கதைக்கேல்லையோ?" எண்டு கேட்டன்.

"அவள் கதைக்கட்டும்" எண்டா. "நான் காத்துக்கொண்டிருக்கிறன்."

எனக்கு அந்த நேரம் ஹென்னியில கோவம்தான் வந்தது. என்ன மனுசி இது? கையெழுத்துத்தானே. பயத்தில சனம் என்னென்னவோ செய்யும். நீர் சண்டை காணாத நாடு, உமக்கு விளங்காது. அறுபது வருசமாக் கட்டிப் பிடிச்சுக்கொண்டிருக்கிறதோ? எங்கட அக்காவைப் பாரும். எனக்கும் அக்காவுக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. தொண்ணூற்றிரண்டில ஊரை விட்டு வெளிக்கிட இயக்கத்திட்டப் பாஸ் எடுக்கவேணும். பாஸுக்கு ஒரு ஆள் பிணை நிக்கவேணும், இவ ஒரு மாசத்தில திரும்பி வருவா, வராட்டி நான் பொறுப்பு எண்டு. அக்கா நிண்டவ. மகளின்ர காதுக்கு வைத்தியம் எண்டு சொல்லிக் கொழும்புக்கு வெளிக்கிட்டனான். இவர், என்ர மனுசன், முதலே இங்க வந்திட்டார். நான் திரும்பிப் போகத்தான் இருந்தனான் பிள்ளை. போகத்தான் இருந்தனான். பிறகு நிலமை மாறிட்டுது. அக்காவைக் கிழமைக்குக் கிழமை கூப்பிட்டு இருத்தி வச்சவையாம், காலமை போனா பொழுதுபடத்தான் விடுறதாம். வீட்டையும் எடுத்திட்டினம். அவ பள்ளிக்கூடத்தில படிப்பிச்சவ, அதுவும் போட்டுது. ஆனா ஒரு கடிதத்தில கூட ஒரு சொல் எழுதேல்லை. "நீ சுகமா இருந்தாக் காணும்" எண்டுதான் எழுதுவா. அது மனுசி. சரி, அது வேற கதை.

இந்த மாசியில லீனாவுக்குச் சொல்லுகள் தவறத் தொடங்கிச்சு. கரண்டியைக் கையில வச்சுக்கொண்டு அதின்ர பேரைத் தேடுவா. டாக்குத்தர் தலையாட்டினார். லீனாவுக்கு விளங்கிட்டுது. அடுத்த நாள் இல்லத்துப் பொறுப்பாளரைக் கூப்பிட்டு, "மே ஐஞ்சாம் திகதிக் கொண்டாட்டத்தில நான் நடிக்கிறன்" எண்டா. இங்க மே நாலு செத்த ஆக்களுக்கு, ஐஞ்சு விடுதலை நாளுக்கு. வருசா வருசம் எங்கட இல்லத்தில பின்னேரம் கேக்கும் பியானோவும். அவருக்குச் சந்தோசத்தில சரியான புழுகம். லீனா வெஸ்டர்ஹவுட் எல்லோ.

என்னத்தை நடிக்கப் போறா எண்டு கேளும். அந்த நாடகம். ஹென்னியின்ர வேசம். கடல் தண்ணி ஊருக்குள்ள வராமப் பாக்கிற மதகொண்டு, அதின்ர காவல்காரன் செத்துப்போக, திறப்பு, அதான் சாவி, அவன்ர மனுசியின்ர கையில. வெள்ளம் வருது. மதகைத் திறந்தா தன்ர வீடு போகும், திறக்காட்டி அங்கால் ஊர் போகும். அவ தனிய நிண்டு கதைக்கிறா. பன்னிரண்டு நிமிசம்.

"உனக்கு வேலை இருக்கு" எண்டு என்னைப் பிடிச்சா. அவையின்ர மேடையில முந்தி வசனம் எடுத்துக் குடுக்கிறதுக்கெண்டு ஒரு ஆள் இருக்கும். மேடைக்கு முன்னால பெட்டி மாதிரி ஒரு குழி, அதுக்குள்ள. சனத்துக்குத் தெரியாது, நடிக்கிற ஆளுக்கு மட்டும் முகம் தெரியும். எங்கட பள்ளிக்கூட நாடகத்தில சீலைக்குப் பின்னால நிண்டு கத்துவமே, அதுதான், ஆனா இவைக்கு அது ஒரு தொழில். சம்பளம், மரியாதை எல்லாம் உண்டு. லீனா ஒரு பழைய நாடகக் கொப்பியைத் தந்தா. தட்டச்சில அடிச்சது, ஓரமெல்லாம் பென்சில்.

ரெண்டு மாசம் பிள்ளை. ஒவ்வொரு நாளும் என்ர வேலை முடிய ஒரு மணித்தியாலம். என்ர டச்சு அந்தக் கொப்பியிலதான் திருந்தினது. திருந்தினதோ கெட்டதோ, ஒருநாள் மீன் கடையில "ஐயா, தங்கள் கடலின் கொடை இன்று எவ்வளவு" எண்டு கேட்டிட்டன், அவன் தராசை விட்டிட்டுப் பாத்தான்.

அவ சொல்லித் தந்தது ஒண்டுதான். "நடிகை நிண்டா, கொப்பியைப் பாக்காதே. கண்ணைப் பார். கண் தேடிச்செண்டால் முதல் ரெண்டு சொல்லைக் குடு, கூடக் குடுக்காதே. கண் அசையாம நிண்டா, அது மறதி இல்லை. அது என்ர இடம். நீ மூச்சும் விடக்கூடாது." அதில எங்களுக்குள்ள சண்டை. நான் பொறுக்க மாட்டன். அவ நிண்ட உடன என்ர வாய் திறந்திடும். "யோ! அது என்ர இடம்!" எண்டு கத்துவா. எங்கட ஆக்களுக்கு ஒருத்தர் கதையில தடக்குப்பட்டா உடன நிரப்பவேணும். அது மரியாதை. சும்மா பாத்துக்கொண்டு இருக்கிறது எப்பிடி? ஆனா பழகினன். கடைசிக் கிழமையில நான் ஒரு பிழையும் விடேல்லை. "நீ பிறந்ததே குழிக்குள்ள" எண்டா. அவவின்ர வாயில அது பெரிய புகழ்.

அதோட இன்னொண்டு சொன்னா. "ஹென்னியை முன்வரிசையில இருத்து. நடுவில. அவளுக்கு நான் ஒண்டு சொல்லவேணும்."

நான் என்ன நினைச்சன்? பார், உன்ர வேசத்தை நான் இப்பிடித்தான் செய்தன் எண்டு காட்டப்போறா எண்டு நினைச்சன். நடிகைமார் அப்பிடித்தானே. ஹென்னி மாட்டன் எண்டா. நான்தான் காலில விழாத குறையாக் கூட்டிக்கொண்டு வந்து இருத்தினன். அதையும் முறைப்பாட்டில எழுதியிருக்கலாம். எழுதேல்லை.

என்ன, போர்டில மாறிட்டுதோ? இறங்கிட்டுதாமோ! கடவுளே. பெட்டி எடுக்க நேரம் போகும் என்ன? இருபது நிமிசம் போகும். இரும், சொல்லி முடிக்கிறன். இரும் பிள்ளை.

முதல் நாள், நாலாம் திகதி, நாடு முழுக்க ரெண்டு நிமிசம் சத்தம் இல்லை. நீரும் பாத்திருப்பீர், ட்ராம் கூட நிக்கும். நான் குசினியில தட்டோட நிண்டன், அசையேல்லை. ஒரு சத்தமும் இல்லாம ரெண்டு நிமிசம் நிக்க எனக்குத் தெரியும் எண்டு சொல்லத்தான் சொல்லுறன்.

ஐஞ்சாம் திகதி பின்னேரம் மூண்டு மணி. அறுபது எழுபது சனம். என்னைப் பியானோவுக்குப் பின்னால, பெரிய பூச்சாடிக்கு மறைவில இருத்தினவ. லீனாவுக்கு மட்டும் என்ர முகம் தெரியும். கறுத்தச் சட்டை, கையில உண்மையா ஒரு இரும்புத் திறப்பு. எழும்பி நிண்டா. ரெண்டு வருசமாச் சில்லுக் கதிரையை விட்டு எழும்பாத மனுசி. எனக்கு அழுகை வந்திட்டுது.

ஐஞ்சு நிமிசம் ஒரு பிழையும் இல்லை. ஒருக்காக் கண் தேடிச்சு, குடுத்தன், எடுத்தா, ஒருத்தருக்கும் தெரியேல்லை. பிறகு ஒரு இடம் வரும், வெள்ளச் சத்தம் கேட்டு அவ கதவைப் பாக்கவேணும், பாத்துப்போட்டு, "திறப்பு என்ர கையில" எண்டு தொடங்கவேணும். லீனா கதவைப் பாக்கேல்லை. ஹென்னியைப் பாத்தா. பாத்துப்போட்டுக் கொப்பியில இல்லாத கதை கதைக்கத் தொடங்கினா. குரலும் வேற. நடிக்கிற குரல் இல்லை, குளிக்க வாக்கேக்க என்னோட கதைக்கிற குரல்.

"ஹென்னி, அண்டைக்குக் காலமை நீ நித்திரை. எங்கட சப்பாத்து உன்ர பக்கம் கிடந்தது. நான் குனிஞ்சு எடுத்தன். படியில சத்தம் வரும் எண்டு கையில பிடிச்சுக்கொண்டு வெறுங்காலோட இறங்கினன். பயத்தில போனன் எண்டு எல்லாருக்கும் சொன்னன். விசாரணையிலயும் சொன்னன். பயம் இல்லை ஹென்னி. அந்தப் படியிலயே எனக்குத் தெரியும், முதல் நாள் உன்ர கையைப் பிடிக்கேக்கயே எனக்குத் தெரியும், நான்..."

நிண்டிட்டா.

அந்த மண்டபத்தில ஒரு கரண்டிச் சத்தம் இல்லை. ஹென்னி கதிரையில முன்னுக்குச் சரிஞ்சு, வாய் கொஞ்சம் திறந்து, மூச்சு விடேல்லை. எவ்வளவு நேரம்? ஐஞ்சு செக்கனோ, ஆறோ.

நான் குடுத்தன். "திறப்பு என்ர..."

அவவின்ர பழக்கம் பிள்ளை, அறுபது வருசப் பழக்கம். குழிக்குள்ள இருந்து வசனம் வந்தா வாய் எடுக்கும். மனம் எங்க நிண்டாலும் வாய் எடுக்கும். என்னை ஒரு பார்வை பாத்தா. "திறப்பு என்ர கையில" எண்டா. பிறகு நிக்கேல்லை. கடைசிச் சொல் வரைக்கும் போய் முடிச்சா. அப்பிடி ஒரு நடிப்பை நான் இனிக் காணமாட்டன். சனம் எழும்பி நிண்டு கை தட்டிச்சு, பொறுப்பாளர் பூக் குடுத்தார், கொப்பியில இல்லாத கதை நாடகத்தில ஒரு பகுதியாக்கும் எண்டு எல்லாரும் நினைச்சினம். ஹென்னி மட்டும் இருந்த இடத்தில இருந்தவ. கை தட்டேல்லை.

"மறந்திட்டியள் எண்டு நினைச்சன்" எண்டு சொன்னன், லீனாவை அறைக்குக் கொண்டுபோகேக்க. அவ என்ர கையில ரெண்டு தட்டுத் தட்டினா. திரும்பச் சொல்லலாம்தானே, அடுத்த நாள் சொல்லலாம்தானே எண்டு நானும் இருந்தன். பத்து நாள் ரெண்டு பேரும் ஒருத்தர் அறைப்பக்கம் மற்றவர் போகேல்லை. பதினொராம் நாள் லீனாவுக்கு மூளையில ரத்தம் கசிஞ்சு, வலப்பக்கம் விழுந்திட்டுது. பேச்சும் போயிட்டுது. முழுக்கப் போகேல்லை. நாடக வசனம் மட்டும் நிண்டுது. தண்ணி வேணுமோ எண்டு கேட்டா நாடகத்தில வாற வசனம். நோகுதோ எண்டு கேட்டாலும் அந்த வசனம்.

அப்பதான் ஹென்னி வந்தவ. தன்ர சில்லுக் கதிரையைத் தானே உருட்டிக்கொண்டு. ஏழு வருசத்தில முதல்தரம் அந்த அறைக்குள்ள. கட்டிலுக்குப் பக்கத்தில போய், லீனாவின்ர கையைப் பிடிச்சா. "சொல்லு" எண்டா. "நான் இருக்கிறன், சொல்லு." லீனாவுக்குக் கண்ணால தண்ணி ஓடுது. வாய் திறக்குது. "திறப்பு என்ர கையில" எண்டா. திரும்பவும், "திறப்பு என்ர கையில." ஹென்னி பின்னேரம் வரைக்கும் இருந்தவ. ஒவ்வொரு நாளும் வந்தவ. ரெண்டு கிழமை. அந்த ஒரு வசனத்தைத்தான் கேட்டவ. ஜூன் மூண்டாம் திகதி லீனா போயிட்டா.

செத்தவீடு முடிய என்னை நடையில மறிச்சு ஹென்னி சொன்னது இதுதான்: "அறுபத்திரண்டு வருசம் காத்திருந்தன். உனக்கு ஒரு நிமிசம் பொறுக்க ஏலாமப் போச்சு."

பிறகு கடிதம். இந்தப் பெண் என்ர அறைக்கு வரக்கூடாது, இந்தப் பெண் சாகப்போற ஆக்களுக்குப் பக்கத்தில நிக்கக்கூடாது எண்டு. பொறுப்பாளருக்கு ஒண்டும் விளங்கேல்லை, ஆனா கடிதம் கடிதம்தானே. நான் வீட்டை வந்து குழறி அழுதன். கறுப்பி எண்டபடியாத்தான் எண்டு மகளுக்குச் சொன்னன். தொழிற்சங்கத்து ஆக்களிட்டயும் சொன்னன். வாற கிழமை விசாரணை. நான் சொல்லப்போறது ஒண்டுதான்: எனக்குச் சொல்லித் தந்தபடி செய்தன், அவவுக்கு மறதி வருத்தம், நிண்டா, குடுத்தன். ஆரும் அதில பிழை காண ஏலாது. மகள் வடிவா எழுதித் தந்திருக்கிறாள்.

அந்தக் கடுதாசி கைப்பையிலதான் கிடக்கு.

என்ன பாக்கிறீர்?

ஓம். கண் அசையேல்லை.

கண் தேடேல்லை பிள்ளை. ரெண்டு மாசம் பழகின எனக்குத் தெரியாதோ? கல்லு மாதிரி நிண்டுது. அது அவவின்ர இடம். எனக்குத் தெரிஞ்சுதான் குடுத்தன். "முதல் நாள் கையைப் பிடிக்கேக்கயே எனக்குத் தெரியும்" எண்டு அவ சொல்ல, அதுக்கு அடுத்த சொல்லை என்னால கேக்க ஏலாமப் போச்சு. அது என்ன சொல் எண்டு எனக்குத் தெரியும். அது அவவின்ர வாயால வந்தா, பிறகு நான் என்ன செய்யிறது?

என்னட்ட ஒரு தையல் மெசின் இருந்தது. அம்மா சீதனத்துக்குத் தந்தது. பிணை நிக்கச் சொல்லி அக்காவைக் கேக்கிறதுக்கு ஒரு கிழமைக்கு முதலே அதை வித்திட்டன். ஒரு மாசத்தில திரும்பி வாறவள் மெசினை விப்பாளோ? அக்கா வந்து பாத்திட்டு, "மெசின் எங்கையடி?" எண்டு கேட்டவ. "திருத்தக் குடுத்திருக்கு" எண்டன். அக்கா அந்த வெறும் இடத்தைப் பாத்துக்கொண்டு நிண்டவ. பிறகு போய்ப் பிணை நிண்டவ. அவவுக்கு விளங்கினதோ இல்லையோ எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வருசமா அதைத்தான் யோசிக்கிறன். நிலமை மாறிட்டுது எண்டு எல்லாருக்கும் சொல்லியிருக்கிறன். இவருக்கும் சொன்னன், மகளுக்கும் சொன்னன், உமக்கும் இப்ப கொஞ்சம் முந்திச் சொன்னன். ஒண்டும் மாறேல்லை. போகேக்கயே எனக்குத் தெரியும்.

இதைத்தான் சொல்லவேணும். வேற ஒண்டும் இல்லை. "அக்கா, போகேக்கயே எனக்குத் தெரியும்." நாலு சொல். பஸ்ஸுக்குள்ள, குளிக்கேக்க, உடுப்புத் தோய்க்கிற மெசினுக்கு முன்னால நிண்டு எல்லாம் சொல்லிப் பாத்திட்டன். அக்கா எண்ட உடன நிக்குது.

கதவு திறக்குது! இல்லை, வேற ஆக்கள். எழும்புவம். உம்மட மாமியும் இப்ப வந்திடுவா, பூவை நிமித்திப் பிடியும்.

பிள்ளை, ஒரு உதவி. அங்க, அந்தத் தூணுக்குப் பக்கத்தால, சிவப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஓடி வாறாளே, அதுதான் என்ர மகள். நல்ல பிள்ளை. ஆனா என்ர பிள்ளை. பொறுக்க மாட்டாள். நான் அக்காவுக்கு முன்னால வாயைத் திறந்துகொண்டு நிக்கிறதைக் கண்டாளெண்டா, "வாங்கோ பெரியம்மா, பயணம் எப்பிடி" எண்டு விழுந்தடிச்சுக்கொண்டு வருவாள். வந்தா நானும் "பயணம் எப்பிடி" எண்டுதான் சொல்லுவன். எனக்குத் தெரியும், நான் எடுப்பன்.

அவளை மறிச்சுக்கொள்ளும். வழி கேளும், நேரம் கேளும், பூவைக் கையில குடும், என்னவெண்டாலும் செய்யும். நான் எவ்வளவு நேரம் நிண்டாலும் விடாதையும்.

அங்க, அந்த நீலச் சீலை. ஐயோ, தலை முழுக்க நரைச்சுப்போச்சு. பிள்ளை, மகள் வாறாள். பிடியும்.